விராலி: வளர்த்தவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

முதல் விராலியைத் தண்ணீர் ஊற்றியே கொன்றவன் நான். வறட்சி தாங்கும் செடி என்று தெரியும். ஆனாலும் புதுக் கன்றாயிற்றே என்று காலையும் மாலையும் ஒரு வாளி. மண்ணோ களிமண். மூன்றாவது வாரம் இலை வாடியது; தாகம் போல என்று இன்னும் ஊற்றினேன். பிடுங்கிப் பார்த்தால் வேர் கறுத்து, தொட்டதும் தோல் உரிந்து கையோடு வந்தது. புளித்த நாற்றம் வேறு.

அடுத்த கன்றைச் சரளை கலந்து, மேடு கட்டி வைத்தேன். முதல் கோடையில் மட்டும் வாரம் ஒருமுறை நன்றாக நனைத்தேன். அப்புறம் மழையோடு சரி. இப்போது 4 வயது, என் தலைக்கு மேல் போய்விட்டது. வெயிலில் மற்றதெல்லாம் சோர்ந்து நிற்க, இது மட்டும் வார்னிஷ் அடித்த மாதிரி பளபளக்கும். இலையைக் கிள்ளினால் விரலில் பிசின் ஒட்டும். ஆடு ஒரு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது.

ஒரே குறை, அந்தச் சிறகு வைத்த காய் ஒன்றுகூட வரவில்லை. மண்புழு உரம், சாம்பல் எல்லாம் போட்டாயிற்று. யாருக்காவது இப்படி ஆனதுண்டா?

—

உங்களுடையது ஆண் செடியாக இருக்கும் நண்பரே. விராலியில் பெரும்பாலும் ஆண் வேறு, பெண் வேறு. பூவுக்கு இதழே கிடையாது, அதனால் பூத்தது கண்ணில் படாது. கிளை நுனியை உற்றுப் பாருங்கள். மஞ்சளாக மகரந்தப் பைகள் கொத்தாக இருந்தால் ஆண். நடுவில் ஓர் இழை நீட்டிக்கொண்டிருந்தால் பெண்.

நான் விதையிலிருந்துதான் வளர்த்தேன். முதல் தடவை அப்படியே தூவி, 2 மாதம் வெறும் மண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். விதைத் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அடுத்த முறை, கொதிக்கவைத்து இறக்கிய நீரில் போட்டு இரவு முழுக்க ஊறவிட்டேன். 20 விதையில் 13 முளைத்தன. எது ஆண், எது பெண் என்று பூக்கும்வரை தெரியாது, அதனால் நாலைந்தாகச் சேர்த்து வையுங்கள். மகரந்தத்தைக் காற்று பார்த்துக்கொள்ளும்.

—

இப்போதுதான் ஏணி போட்டுப் பார்த்துவிட்டு வருகிறேன். மஞ்சளேதான். இத்தனை வருஷமாக ஆண் செடிக்கு உரம் போட்டுக் காய் கேட்டிருக்கிறேன்! கொஞ்சம் விதை எடுத்துவைக்க முடியுமா?