விசிட்டிங் லெக்சரர் கூட்டு ஒப்பந்தம்: முதலில் மணிக்கூலியா, மறுநியமனமா?

வெள்ளவத்தைவாசி:
கொழும்பில் தனியார் பட்டப்படிப்பு நிறுவனங்களில் மணிக்கணக்கில் படிப்பிக்கும் விசிட்டிங் விரிவுரையாளர்கள் சங்கமாகப் பேச்சுவார்த்தைக்குப் போனால் எதை முதலில் கேட்பது? என் நிலைப்பாடு, மறுநியமன விதி முதல், கூலி இரண்டாவது. கூட்டிக் கொடுத்த கூலியை அடுத்த செமஸ்டரில் மணித்தியாலத்தைக் குறைத்தே நிர்வாகம் திரும்ப எடுத்துவிடும். கேள்வி கேட்டவரை வேலைநீக்கம் செய்ய வேண்டிய தேவையும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தது, புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் நிரந்தரமற்ற விரிவுரையாளர்கள் 2021 நவம்பரில் வேலைநிறுத்தத்தின் விளிம்பு வரை போய்ப் பெற்றதில் பெரியது இதுதான். ஓராண்டு, பிறகு இரண்டாண்டு, பிறகு மூன்றாண்டு என்று நியமனம் நீளும் ஒழுங்கு. சம்பள உயர்வும் வந்தது, ஆனால் அதைக் காப்பாற்றுவது இந்த ஒழுங்கு.

அரச பல்கலைக்கழகங்களை இதில் சேர்க்கவில்லை. அங்கே கொடுப்பனவு பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் சுற்றறிக்கையால் வருவது. ஒரு பல்கலைக்கழகப் பேரவை நினைத்தாலும் தனியாக மாற்ற முடியாது.

கணக்குப்பிள்ளை:
முழுதாக மறுக்கிறேன். கலிபோர்னியாவில் அரச பல்கலைக்கழக ஊழியர்களுக்கென்றே தனியான பேரப்பேச்சுச் சட்டம் இருக்கிறது, அந்த உதாரணம் இங்கே பொருந்தாது. இங்கே 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண் காட்டிய பணவீக்கம் 69.8 சதவீதம். ஏறிய விலை பழைய மட்டத்துக்குத் திரும்பவில்லை. முதலில் கூலியைப் பேசுங்கள்.

ஒரு மாதிரிக் கணக்கு: மணிக்கு 2,500 ரூபாய், வாரம் 3 மணித்தியாலம், 15 வாரம். 45 மணித்தியாலத்துக்கு 1,12,500 ரூபாய். வகுப்பில் 80 பேர். இரண்டு ஒப்படைகளைத் தலா 15 நிமிடத்தில் திருத்தினால் 40 மணித்தியாலம். இறுதி விடைத்தாளுக்கு 20 நிமிடம் என்றால் இன்னும் 27. விரிவுரை மணி ஒன்றுக்கு ஒன்றரை மணி ஆயத்தம் என்றால் 67. மொத்தம் ஏறக்குறைய 179 மணித்தியாலம். உண்மையான மணிக்கூலி 630 ரூபாயைத் தாண்டாது. இந்தக் கூலியில் இன்னும் மூன்று ஆண்டு தொடரலாம் என்ற உத்தரவாதத்தால் யாருக்கு என்ன பயன்?

அதோடு 10 சதவீத உயர்வு என்று கேட்பதும் பிழை. அது 11,250 ரூபாய்தான். திருத்தலைத் தனியாகப் பிரித்து இறுதி விடைத்தாளுக்கு 150 ரூபாய் கேட்டால் 80 பேருக்கு 12,000. வகுப்பு 120 ஆனால் 18,000. பிள்ளைகள் கூடக்கூட நிர்வாகத்துக்குக் கட்டணமும் கூடுகிறது, ஆகவே இதை மறுப்பது அவர்களுக்குக் கடினம்.

நிர்வாகப் பக்கம்:
விடைத்தாள் கணக்கை ஏற்கலாம், அது நியாயமான கோரிக்கை. மறுநியமன உத்தரவாதம் நடைமுறைக்கு வராது. க.பொ.த. உயர்தரப் பெறுபேறு எப்போது வரும் என்பதைப் பொறுத்துத்தான் புது பெட்ச் (மாணவர் அணி) தொடங்குகிறது. 60 பேரை எதிர்பார்த்த பாடத்துக்கு 18 பேர் பதிந்தால் இரண்டு பிரிவை ஒன்றாக்கத்தான் வேண்டும்.

இன்னொன்று, விசிட்டிங் விரிவுரையாளர் ஊழியரே அல்ல. பற்றுச்சீட்டுக் கொடுத்துப் பணம் பெறுகிறார். மாதம் ஒரு லட்சத்தைத் தாண்டினால் 5 சதவீதம் வரி பிடிக்கிறோம். ஊழியர் அல்லாதவரின் விரிவுரைக்கும் பரீட்சைப் பணிக்கும் இந்தப் பிடித்தம் என்று 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டமே சொல்கிறது. ஊழியர் அல்லாதவர்களோடு எப்படிக் கூட்டு ஒப்பந்தம் செய்வது?

சட்டப்புத்தகம்:
வரிச் சட்டம் வரிக்கு. வேலையாள் யார் என்பதற்கு 1950 ஆம் ஆண்டின் 43 ஆம் இலக்க கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 48 ஆம் பிரிவைப் பாருங்கள். சேவை ஒப்பந்தத்தோடு அது நிற்கவில்லை, ஒரு வேலையைத் தானே நேரில் செய்து கொடுக்கும் ஒப்பந்தத்தையும் சேர்க்கிறது. விசிட்டிங் விரிவுரையாளர் தனக்குப் பதிலாக வேறொருவரை வகுப்புக்கு அனுப்ப முடியுமா? நேர அட்டவணை, பாடத்திட்டம், வினாத்தாள் வடிவம், புள்ளி ஒப்படைக்கும் திகதி எல்லாவற்றையும் நிறுவனமே வைக்கிறது. வழமையாக வேலை செய்பவர் குறித்த நேரத்தில் வேலையில் இல்லாவிட்டாலும் வேலையாள்தான் என்கிறது அதே பிரிவு. ஆகவே செமஸ்டர் விடுமுறையில் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிடவும் முடியாது. ஆனால் நீதிமன்றம் ஒவ்வொரு வழக்கின் உண்மைகளையும் தனித்தனியாகப் பார்க்கும், எல்லா விசிட்டிங்குக்கும் இது பொருந்தும் என்று யாரும் எண்ண வேண்டாம்.

சங்கத்தைப் பதிய ஏழு பேர் போதும். பேச மறுக்கும் நிர்வாகத்தை நிர்ப்பந்திக்க அது போதாது. அதே கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தில் 1999 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கத் திருத்தம் கொண்டுவந்த 32அ பிரிவின்படி, யார் சார்பில் பேசுகிறீர்களோ அவர்களில் 40 சதவீதமாவது அங்கத்தவராக இருந்தால்தான் பேச மறுப்பது நியாயமற்ற தொழில் நடைமுறை ஆகும். பல சங்கங்கள் இங்கேதான் தடுக்கி விழும். 60 நிரந்தரமும் 140 விசிட்டிங்கும் உள்ள இடத்தில் ‘கல்வி ஊழியர் அனைவருக்கும்’ என்று கடிதம் எழுதினால் 80 பேர் வேண்டும். ‘விசிட்டிங் விரிவுரையாளருக்கு’ என்று எழுதினால் 56. ஒரேயொரு சிறப்புரைக்கு வந்தவர்களையும் சேர்த்து நிர்வாகம் எண்ணிக்கையை ஊதிக் காட்டலாம். ‘கடந்த இரண்டு செமஸ்டர்களில் குறைந்தது 30 மணித்தியாலம் படிப்பித்தவர்’ என்று முதல் கடிதத்திலேயே எல்லை போடுங்கள்.

கணக்குப்பிள்ளை:
அப்படியானால் என் வாதம் இன்னும் பலமாகிறது. ஊழியர் என்று ஏற்க வைத்தாலே ஊழியர் சேமலாப நிதிக்கு (EPF) 12, ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு (ETF) 3 என 15 சதவீதம் நிறுவனத்தின் பங்கு. அந்த 1,12,500க்கு 16,875 ரூபாய். 80 பேர் வகுப்புக்கு நான் சொன்ன இரண்டு உயர்வில் எதையும் விட இது பெரியது. ஊழியரின் 8 சதவீதம், அதாவது 9,000 ரூபாய், கையில் குறையும். இதை அங்கத்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்லாவிட்டால் முதல் மாதமே சங்கத்துக்கு ஏச்சு விழும்.

வெள்ளவத்தைவாசி:
சேர், அந்த 15 சதவீதத்தை யார் கேட்டுப் போவது? கேட்பவருக்கு அடுத்த செமஸ்டர் பாடம் இல்லை என்றால் யாரும் போகமாட்டார்கள். 15 பேரோ அதற்கு மேலோ உள்ள நிறுவனத்தில், ஒழுக்காற்றுக் காரணம் தவிர, வேலையாளின் சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ இல்லாமல் நிறுத்துவதை 1971 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது. ஆனால் முந்திய 12 மாதத்தில் 180 நாள் சேவை வேண்டும். வாரம் இரண்டு நாள், வருடத்துக்கு 30 வாரம் வருபவருக்கு 60 நாள்தான். சட்டம் தராத பாதுகாப்பை ஒப்பந்தம்தான் தரவேண்டும். 32அ பிரிவும் உதவாது, சங்கத்தில் இருந்தது மட்டுமே காரணம் என்று நிரூபிக்க வேண்டும். புதுப்பிக்காமல் விட்டவர் வாய் திறக்கவே மாட்டார்.

நிர்வாகப் பக்கம் சொல்லும் சேர்க்கைச் சிக்கலுக்கு வழி உண்டு. மணித்தியால உத்தரவாதம் கேட்கவில்லை. இரண்டு செமஸ்டர் ஒரு பாடத்தைப் படிப்பித்தவருக்கு அது மறுபடி நடக்கும்போது முதல் உரிமை. மறுப்பதானால் தொடக்கத்துக்கு 30 நாள் முன் எழுத்தில் காரணம். ஒதுக்கிய பாடத்தைக் கடைசி இரண்டு வாரத்தில் இரத்துச் செய்தால் 20 சதவீதம் கொடுப்பனவு, ஏனெனில் ஆயத்தம் அதற்குள் முடிந்திருக்கும்.

நிர்வாகப் பக்கம்:
20 சதவீதம் அதிகம், 10 என்றால் பேசலாம். எழுத்தில் காரணம் என்பதை ஏற்கலாம். ஆனால் மாணவர் மதிப்பீடு மோசமாக இருந்தால் மறுக்கும் உரிமை எங்களுக்கு வேண்டும்.

சட்டப்புத்தகம்:
அந்த உரிமையைக் கொடுங்கள், வேலியோடு கொடுங்கள். வகுப்பில் பாதிப்பேராவது பதிலளித்த மதிப்பீடு, தொடர்ந்து இரண்டு செமஸ்டர், இடையில் ஒருமுறை வகுப்பு அவதானிப்பு. 80 பேரில் ஒன்பது பேர் நிரப்பிய படிவத்தை வைத்து ஒருவரை வெளியேற்றக் கூடாது. இன்னொரு ஓட்டை பாடக் குறியீடு. பெயரையும் இலக்கத்தையும் மாற்றி ‘இது புதுப் பாடம்’ என்றால் முதல் உரிமை போய்விடும். உள்ளடக்கத்தில் பாதிக்கு மேல் ஒன்றாக இருந்தால் அதே பாடம் என்று வாசகம் வேண்டும்.

சூம் பதிவுகளை யாருமே தொடவில்லை. 2003 ஆம் ஆண்டின் 36 ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தில், ஊழியர் வேலையின்போது ஆக்கியதன் பொருளாதார உரிமை, ஒப்பந்தம் வேறு சொல்லாவிட்டால், வேலைகொள்வோருக்கு. ஊழியர் அல்ல என்று நிர்வாகம் அடித்துச் சொன்னால் பதிவுகள் விரிவுரையாளருடையவை என்று வாதிடலாம். ஊழியர் என்று நாம் வென்றால் அவை நம் கையை விட்டுப் போகும். பதிவை வேறு பெட்ச்சுக்குப் போட்டு விரிவுரையாளரை நிறுத்தும் வழி அப்போது திறக்கும். ‘பதிந்த பெட்ச்சுக்கு மட்டும், அந்த செமஸ்டர் வரை’ என்ற வரி இல்லாமல் ஊழியர் நிலையைக் கேட்கப் போகாதீர்கள்.

கணக்குப்பிள்ளை:
பதிவு விடயத்தில் உடன்படுகிறேன். எதை முதலில் கேட்பது என்பதில் இன்னும் உடன்படவில்லை. விடைத்தாள் கொடுப்பனவு முதல் சுற்றிலேயே கிடைக்கக்கூடியது, நிர்வாகப் பக்கமே மேலே ஏற்றுவிட்டார். கையில் காசு வந்தால் 56 பேர் 90 ஆவார்கள். முதல் உரிமையை அந்தப் பலத்தோடு கேளுங்கள். நேரமும் முக்கியம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகப் பட்டம் நடத்தும் நிறுவனங்களுக்குப் பரீட்சைச் சபைத் திகதி உண்டு, அதற்கு முன் புள்ளி போய்ச் சேரவேண்டும். அந்த மாதத்தில் பேசுங்கள்.

வெள்ளவத்தைவாசி:
புள்ளியைப் பிடித்து வைப்பதற்கு நான் எதிர். முதலில் அடிபடுவது வேலைக்கோ மேற்படிப்புக்கோ விண்ணப்பித்த பிள்ளைகள், பெற்றோரும் அன்றே நம் பக்கத்தை விட்டுப் போவார்கள். அடுத்த செமஸ்டர் அட்டவணை வெளிவருவதற்கு ஆறு வாரம் முன் பேசுவோம். நியமனக் கடிதங்களில் யாரும் தனியாகக் கையெழுத்து வைக்காமல் ஒன்றாகக் கொடுத்தால் போதும். கூலியை மட்டும் முதலில் வாங்கினால், அதைச் சாதாரணக் கடிதமாகத் தந்து அடுத்த வருடம் மாற்றுவார்கள். எது கிடைத்தாலும் கூட்டு ஒப்பந்தமாக எழுதி, நாரஹேன்பிட்டியில் தொழில் ஆணையாளரிடம் கொடுத்து, வர்த்தமானியில் வரவேண்டும். அப்போதுதான் அது ஒவ்வொருவரின் தனி ஒப்பந்தத்துக்குள்ளும் நுழையும்.

சட்டப்புத்தகம்:
வர்த்தமானிக்குப் போகுமுன் ஒன்றைப் பாருங்கள். ஒப்பந்தத்தில் வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், சங்கத்தில் இல்லாதவர்களுக்கும் குறையாத நிபந்தனையை நிறுவனம் கொடுக்க வேண்டும் என்பது கைத்தொழில் பிணக்குகள் சட்டத்தின் 8 ஆம் பிரிவு. ‘அங்கத்தவருக்கு மட்டும்’ என்று நிர்வாகம் ஒரு வரியைச் செருகினால், அடுத்த செமஸ்டரில் அங்கத்தவர் அல்லாதவரைக் குறைந்த கூலிக்கு எடுத்து உங்கள் பாடங்களைக் கொடுக்கும். அந்த வரியை நீக்கும்வரை கையெழுத்து வேண்டாம்.