மறு: எண்ணெய் ஓவியத்தில் கிளேஸ்: ‘மெருகு’ வேண்டாம்

அன்புள்ள குழுவினருக்கு,

ஓவியத்தில் ‘கிளேஸ்’ (glaze) என்பதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற பேச்சுக்கு என் பதில் இது.

> ‘மெருகு’ என்றே வைத்துக்கொள்ளலாம், எல்லாருக்கும் புரியும்.

புரியும், ஆனால் வேறொன்றாகப் புரியும். மெருகு என்றதும் பளபளப்புதான் நினைவுக்கு வரும். பழைய ஐரோப்பிய முறையில் உருவப்படம் தீட்டுகையில், முகத்தின் ஒளியையும் நிழலையும் முதலில் சாம்பல் நிறத்திலேயே முடித்துவிடுவது உண்டு. அது காய்ந்தபின், ஆளிவிதை எண்ணெயில் குழைத்த ஒளிபுகும் நிறத்தை மெல்லிசாக மேலே பரப்புவார்கள். இந்தப் படலம்தான் கிளேஸ். வெளிச்சம் அந்தப் படலத்துக்குள் புகுந்து, அடியிலுள்ள வெளிர்நிறத்தில் பட்டு, அதே படலத்தின் வழியாகத் திரும்புகிறது. சாதிலிங்கச் சிவப்பின்மேல் அரக்குச் சிவப்பை இப்படி ஏற்றினால் கிடைக்கிற ஆழம், இரண்டையும் தட்டில் கலந்து பூசினால் கிடைக்காது.

மெருகு என்று எழுதினால், முடிந்த ஓவியத்தின்மேல் காப்பாகப் பூசும் வார்னிஷோடும் குழம்பும். எனக்கு இதுதான் பெரிய கவலை. மஞ்சளித்த வார்னிஷைத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். கிளேஸைத் துடைத்தால் ஓவியன் வைத்த நிறமே போய்விடும். டச்சு ஓவியர் வெர்மீர் சுமார் 1665இல் தீட்டிய ‘முத்துத் தோடு அணிந்த பெண்’ ஓவியத்தின் பின்னணி இன்று கறுப்பாகத் தெரிகிறது. கறுப்பு அடிப்பூச்சின்மேல் அவுரி நீலமும் வெல்ட் செடியின் மஞ்சளும் சேர்ந்த கிளேஸ் அங்கே இருந்தது. அன்று அது கரும்பச்சை. அந்தச் சாயங்கள் காலப்போக்கில் சிதைந்ததால் பச்சை நம் கண்ணுக்கு எட்டவில்லை.

> அப்படியானால் ‘ஊடுபூச்சு’?

ஊடுகதிர் (எக்ஸ்ரே) என்ற சொல் இருப்பதால் எனக்கும் முதலில் பிடித்தது. ஆனால் ஊடுபயிர் என்று பழகியவர்கள் இதை இடையில் அடிக்கும் பூச்சு என்று எடுத்துக்கொள்வார்கள். ‘ஒளிவிடு பூச்சு’ என்றால் தானே ஒளிர்வது போல ஆகிவிடும்.

என் பரிந்துரை: ஊடொளிப்பூச்சு. வாய்க்குச் சற்று நீளம்தான். பட்டறைப் பேச்சில் ‘ஊடொளி ஏற்று’, ‘இரண்டாம் ஊடொளி’ என்று சுருக்கிக்கொள்ளலாம். ‘கிளேஸ்’ என்றே விடலாம் என்றவர்களுக்கு: பேச்சில் சரி. கட்டுரையில் பீங்கான் கிளேஸும் இதே பெயரில் வரும். பீங்கானுக்கு மெருகு பொருந்துகிறது, அதை அங்கேயே விட்டுவிடுவோம்.

அப்புறம், இதற்கு எதிரான ஸ்கம்பிள் இருக்கிறதே, கருநிறத்தின்மேல் ஒளிபுகா வெளிர்நிறத்தை அடி தெரியும்படி வறட்டுத் தூரிகையால் தேய்ப்பது. அதற்கு ‘மூட்டப்பூச்சு’ என்று யோசித்திருக்கிறேன். சுவரிலும் மரத்திலும் வண்ணம் அடிப்பவர்களிடம் இதற்கு ஏற்கெனவே ஒரு சொல் இருந்தால் அதையே எடுத்துக்கொள்வோம். தெரிந்தவர்கள் எழுதுங்கள்.