புத்தகத் தட்டு நடுவில் தொய்கிறது: தேக்குப் பலகை போட்டால் சரியாகுமா?

கேள்வி (வாசகன்):
என் புத்தக அலமாரியில் தட்டுகள் 120 செ.மீ. நீளம், 25 செ.மீ. அகலம். 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு (மரத்தூளைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை). இரண்டு முனையிலும் ஆணிமேல் உட்கார்ந்திருக்கின்றன. அடுக்கும்போது நேராகத்தான் இருந்தன, மாதம் ஆக ஆக நடுவில் இறங்கிவிட்டன. தலைகீழாகத் திருப்பிப் போடச் சொல்கிறார்கள். இல்லையென்றால் எல்லாவற்றையும் தேக்காக மாற்றலாமா?

பதில் (உளிக்காரன்):
தேக்குக்குப் போகும் முன் டேப்பை எடுங்கள் தம்பி. இங்கே பிரச்சினை நீளம்தான். தட்டு முழுக்கப் புத்தகம் அடுக்கினால், நீளம் இரட்டிக்கும்போது தொய்வு 16 மடங்காகும். அதையே பாதியாக்கினால் பதினாறில் ஒரு பங்குதான். கனத்தைக் கூட்டினாலும் பலன் உண்டு, ஆனால் 18 மி.மீ. பலகையை 25 ஆக்கினால் விறைப்பு ஏறுவது சுமார் 2.7 மடங்குதான். அதனால் நடுவில் ஒரு செங்குத்துப் பலகை கொடுப்பதற்கு ஈடு எதுவும் இல்லை. ஒவ்வொரு தட்டிலும் ஒரே நேர்கோட்டில், தரை வரைக்கும் இறங்க வேண்டும். பாதியில் நிறுத்தினால் மேலுள்ள பாரமெல்லாம் அந்தக் கீழ்த்தட்டின் நடுவில் வந்து உட்காரும்.

திருப்பிப் போடுவது வேண்டாம். நிரந்தரப் பாரம் இருந்தால் மரம் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கும், பார்ட்டிகிள் போர்டு இன்னும் அதிகமாக இறங்கும். திருப்பினால் கொஞ்ச நாள் நேராகத் தெரியும், அப்புறம் மறுபக்கம் தொய்யும்.

வாசகன்:
பெரிய அளவுப் படப் புத்தகங்கள் இருக்கின்றன, நடுவில் தடுப்பு வைத்தால் அவை சரியாக நிற்காது. வேறு வழி?

உளிக்காரன்:
சரி, அப்படியென்றால் ரீப்பர், அதாவது ஒல்லியான நீள மரச்சட்டம். 18 x 40 மி.மீ. கெட்டி மரம், முடிச்சு இல்லாததாகப் பாருங்கள். தட்டுக்கு அடியில் முன்விளிம்பில் ஒன்று, பின்விளிம்பில் ஒன்று. 40 மி.மீ. பக்கம் செங்குத்தாக நிற்கட்டும், இதில் மட்டும் கவனம் தப்பக்கூடாது. படுக்கப் போட்டால் பலன் கொஞ்சம்தான்.

புத்தகங்களை இறக்கிவிட்டுத் தட்டைக் கவிழ்த்து வையுங்கள், தொய்வு இப்போது மேல்நோக்கி இருக்கும். ரீப்பரின் நீளம் முழுக்கப் பசை தடவி, நடுவில் முதல் கிளாம்பை (இறுக்கும் பிடியை) போட்டு முனைகளை நோக்கி இறுக்கிக்கொண்டே போங்கள். பலகை ரீப்பரோடு நேராகும். பசை காய்ந்தபின் தட்டின் மேற்பக்கத்திலிருந்து 20 செ.மீ. இடைவெளியில் ஸ்க்ரூ. பலகை வழியாக ஸ்க்ரூ ரீப்பருக்குள் இறங்க வேண்டும், கெட்டி மரத்தில்தான் அது பிடித்து நிற்கும். பசையை விட்டுவிடாதீர்கள். பசை இல்லாவிட்டால் பாரம் ஏறும்போது பலகையும் ரீப்பரும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கும், தனித்தனியாக வளையும்.

பதில் (ரம்பம்):
அண்ணன் சொன்னதோடு ஒன்று. சுவர் உறுதியானதாக இருந்தால் பின்பக்க ரீப்பரைத் தட்டில் ஒட்டாமல் சுவரிலேயே அடித்து, தட்டை அதன்மேல் உட்கார வைக்கலாம். பின்விளிம்பு அசையவே அசையாது. அப்புறம் முன்விளிம்பு மட்டும்தான் கவலை. புதிதாக பிளைவுட் வாங்கினால், மேலடுக்கின் நார் தட்டின் நீளவாக்கில் ஓடும்படி வெட்டித் தரச் சொல்லுங்கள். குறுக்காக வெட்டினால் அதே பலகை சீக்கிரம் வளையும்.

வாசகன்:
சுவர் செங்கல்தான். பின்னால் சுவர் ரீப்பர், முன்னால் ஒட்டு ரீப்பர் என்று வைத்துக்கொள்கிறேன். கனமான படப் புத்தகங்களை எங்கே வைப்பது?

உளிக்காரன்:
முனைகளின் பக்கம். நடுவில் லேசான நாவல்களை அடுக்குங்கள்.