கோல்ப் கிளப்ல கேடி வேலை (ஆடுறவங்க பேக்கைத் தூக்குறது) செய்யிற தம்பி கோல்ப் புரோ (தொழில்முறை ஆட்டக்காரன்) ஆகணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான், என்ன சொல்றது?

லிந்துலைக்காரன்
கோல்ப் விஷயம் தெரிஞ்ச அண்ணமார் யாராவது இருந்தா சொல்லுங்க. தம்பிக்கு 17 முடிஞ்சிருச்சு, ஓஎல் எழுதிட்டு நுவரெலியா கிளப்புக்கு கேடியா போறான், கேடிமார் எல்லாம் சேந்து வெளையாடுற நாள்ல இவன் தான் எப்பவும் முன்னுக்கு. கொழும்புல இருந்து வர்ற ஒரு சேர் பழைய அயன் (இரும்பு மட்டை) செட் ஒண்ணு குடுத்துட்டு போனாரு, அதுல அந்த 7 அயன் இருக்கே, அடிச்சு அடிச்சு முகத்துல இருக்கிற கோடெல்லாம் தேஞ்சு வழுவழுன்னு ஆயிருச்சு. இப்ப என்னடான்னா ஏஎல் படிப்பு வேணாம், புரோ ஆகப்போறேன்னு நிக்கிறான். அம்மா கொழுந்தெடுக்க போறாங்க, நான் கடையில நிக்கிறேன், அவ்வளவு தான் வீட்டு வருமானம். புரோ ஆனா மாசச் சம்பளம் மாதிரி வருமா? யாரு குடுப்பா?

ஹட்டன்_சிங்கம்
அதெல்லாம் தொரமார் வெளையாட்டு தம்பி 😄 பேசாம கொரியன் பாஷை படிக்கச் சொல்லுங்க, பரீட்சை பாஸ் பண்ணி கொரியாவுக்கு ஏறட்டும்

பழைய கேடி
ஹட்டன் அண்ணே, தங்கராஜா, பிரபாகரன்னு ரெண்டு நம்ம தமிழ் ஆளுங்க இலங்கைப் பேர்ல இந்தியாவுல பிஜிடிஐ டூர்ல (புரோமாருக்கு நடக்கிற போட்டித் தொடர்) வெளையாடிக்கிட்டு இருக்காங்க, தங்கராஜா அங்க கப்பும் அடிச்சிருக்காரு, கொஞ்சம் தேடிப் பாத்துட்டு எழுதுங்க. பங்களாதேஷ் சித்திக்குர் ரஹ்மான் டாக்காவுல பந்து பொறுக்குன பையன் தான், 2010ல புரூணை ஓப்பன், 2013ல இந்தியன் ஓப்பன் ஜெயிச்சாரு, 2016ல ரியோ ஒலிம்பிக்ல அவரு தான் நாட்டுக் கொடியையே தூக்கிட்டு போனாரு.

லிந்துலைக்காரரே, உங்க கேள்விக்கு வாறேன். சம்பளம்னு ஒண்ணு கிடையாது. புரோன்னா ரெண்டு வேலை, ஒண்ணு கிளப்லயோ ரேன்ஜ்லயோ (அடிச்சுப் பழகுற எடம்) மத்தவங்களுக்கு சொல்லிக்குடுக்கிறது, அதுல ஒரு அளவுக்கு நிரந்தரமா காசு வரும், இன்னொண்ணு டூர் வெளையாடுறது. டூர்ல முதல்ல குவாலிபையிங் ஸ்கூல்னு ஒரு போட்டியில தேறணும், அப்புறம் ஒவ்வொரு மெட்சுக்கும் என்ட்ரி பீஸ், பிளைட், ரூம், கேடிக்கு காசு எல்லாம் நம்ம கையில இருந்து, ரெண்டு நாள் 36 ஹோல் (குழி) முடிஞ்சதும் கட் போடுவாங்க, அதாவது பின்னுக்கு நிக்கிறவங்களை வெளிய அனுப்பிருவாங்க, பாதிக்கும் மேல ஆளுங்க அன்னைக்கே பேக்கைத் தூக்கிட்டு வீட்டுக்கு. தோட்டத்துல கொழுந்து குறைஞ்சா அரைப்பேராவது (அரைநாள் சம்பளம்) போடுவான், இங்க கட்ல விழுந்தா அதுவும் இல்ல, போன செலவும் சேந்து போச்சு.

அதனால என் கருத்து, அவசரப்பட்டு புரோன்னு எழுதிக்குடுக்க வேணாம். 2022ல அமெச்சூர் (புரோ ஆகாத ஆட்டக்காரங்க) சட்டத்தை மாத்திட்டாங்க, இப்ப அமெச்சூரா இருந்துக்கிட்டே ஸ்பொன்சர் காசும் வாங்கலாம், ஓசி கோல்ப் மட்டையும் வாங்கலாம். கேடி வேலை செஞ்சு சம்பாதிக்கிறதும் பிரச்சினை இல்ல. காசு வாங்கிக்கிட்டு கோச்சிங் குடுக்கிறது, பெரிய பரிசுக்காசு வாங்கிறது, இது மாதிரி விஷயம் தான் ஆகாது. ஏஎல்லும் படிக்கட்டும், அமெச்சூர் போட்டியும் ஆடட்டும்.

லிந்துலைக்காரன்
ரொம்ப நன்றி அண்ணே, இந்த ஸ்பொன்சர் விஷயம் இங்க யாருக்குமே தெரியல. ஆனா அவன் இங்க நல்ல ஸ்கோர் போடுறான், அது போதாதா?

கண்டி_மலை
இங்க போடுற ஸ்கோரை மட்டும் வச்சு முடிவு எடுக்காதீங்க ப்ளீஸ். நுவரெலியா 1889ல வெள்ளைக்காரன் போட்ட கிரவுண்ட், நீளம் கம்மி, ரெண்டு பக்கமும் மரம், ஓடை வேற, நேரா அடிக்கிறவனுக்கு தான் அங்க மரியாதை. அதுல பழகுனவன் நேரா அடிப்பான், அது நல்லது தான். ஆனா 6,000 அடி ஒசரத்துல காத்து லேசு, பந்து கீழ்நாட்டை விட சுமாரா ஆறேழு வீதம் கூடப் போகும். இங்க 150 யார் போற அதே அயன் கொழும்புல 140 கிட்ட நின்னுரும், இதுல கடல்காத்து முகத்துக்கு வந்தா சொல்லவே வேணாம். திகனயில விக்டோரியா கிரவுண்ட்லயும் ரோயல் கொழும்பு கிளப்லயும் கொண்டுபோய் ஆடவிட்டு, அந்த ஸ்கோர் கார்டை கையில வச்சுக்கிட்டு பேசுங்க. அங்கயும் பாருக்கு (ஒரு கிரவுண்டை இத்தனை அடியில முடிக்கணும்னு வச்ச கணக்கு) கீழ அடிக்கடி வந்தா சரி, சில நாள் சரியா பார், சில நாள் எட்டு ஒம்போது மேலன்னா இன்னும் காலம் இருக்கு. அப்புறம் அந்த தேஞ்ச 7 அயனை மாத்தச் சொல்லுங்க, கோடு போன அயன்ல பந்து கிரீன்ல (குழியைச் சுத்தி இருக்கிற வெட்டுன புல்லு) நிக்காது.

பழைய கேடி
கண்டி சொல்றது சரி. இன்னொண்ணு மறந்துட்டேன், இந்தியா டூருக்கு போறதுன்னா பாஸ்போட் வேணுமே, தம்பியோட பொறப்புச் சான்றிதழ்லயும் அடையாள அட்டையிலயும் பேரு ஒண்ணா இருக்கான்னு இப்பவே பாத்துருங்க. நம்ம தோட்டத்து ஆளுங்களுக்கு ஒண்ணுல ‘முத்து’ன்னு இருக்கும் இன்னொண்ணுல ‘முத்தையா’ன்னு இருக்கும், அதைத் திருத்த அலையிறதுக்குள்ள ஒரு சீசனே போயிரும்.

லிந்துலைக்காரன்
ஐயோ, ரெண்டுலயும் வேற வேற தான் அண்ணே 😅 திங்கக்கிழமை கச்சேரிக்கு போறேன்