மறு: விம் பயிற்சி ஏட்டில் ‘மோட்’ என்பதற்குத் தமிழ்

> கல்லூரி மாணவர்களுக்கான விம் (விசைகளாலேயே இயக்கும் உரைத்தொகுப்பி) பயிற்சி ஏடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஒரே விசை எழுத்தாகவா, கட்டளையாகவா என்பதை முடிவுசெய்யும் ‘மோட்’ என்பதை மொழிபெயர்த்த மூவரும் நிலை, பாங்கு, பயன்முறை என மூன்று விதமாக எழுதி வைத்திருக்கிறோம். எதை வைத்துக்கொள்ளலாம்?

வணக்கம்.
‘விமானப் பயன்முறை’ கைப்பேசியால் பழகிவிட்டது. ஆயினும் அது எப்போதோ ஒருமுறை மாற்றி வைப்பது. விம்மிலோ நிமிடத்துக்குப் பலமுறை மாற வேண்டியிருப்பதால் ‘நிலை’ என்ற குறுஞ்சொல்லே போதும். என் கவலை, விசைகள் எழுத்துகளாக அன்றிக் கட்டளைகளாக இயங்கும் ‘நார்மல் மோட்’ பற்றியது. கோப்பைத் திறந்தவுடன் தட்டச்சிடத் தொடங்கும் மாணவர், ‘டி’ விசையை இருமுறை தட்டியதும் ஒரு வரி முழுவதும் காணாமற்போவதைக் கண்டு மிரளுவது இங்கேதான். இதற்கு ‘இயல்பு நிலை’ என்று பெயரிட்டால், எழுதுவதுதானே இயல்பு என்று கேட்பார். ‘ஏவல் நிலை’ என்போம். வெட்டு, ஒட்டு, மாற்று எனத் தமிழில் வினையடியே ஏவலாக நிற்கிறது; அந்த விசைகளும் அப்படித்தான்.

ஐயா,
‘நிலை’யை இதற்குக் கொடுத்துவிட்டால் ‘ஸ்டேட்’டுக்கு எங்கே போவது? பாங்கு என்றால் பக்கம். பக்கத்தில் நிற்பவன் பாங்கன், தோழி பாங்கி. களவியலில் பாங்கற்கூட்டம் என்றே ஒரு பகுதி உண்டு. பக்கம், பொருத்தம், ஒழுகும் முறை எனப் பொருள் விரிந்த சொல் கையில் இருக்க, வேறெதற்கு அலைகிறோம்? மேலும், விம்முக்கு முன்னோடியான, 1976இல் பில் ஜாய் எழுதத் தொடங்கிய ‘விஐ’யில் இதே நிலைக்குக் ‘கமாண்ட் மோட்’ என்று பெயர். முக்காற்புள்ளியிட்டுக் கட்டளை எழுதும் இடம் வேறு. ‘ஏவல்’ அந்தப் பழைய குழப்பத்தைத் தமிழுக்கும் கொண்டுவரும்.

அனைவருக்கும்,
பாங்கு என்றதும் எங்கள் ஊர் மாணவர்களுக்குப் பள்ளிவாசல் தொழுகை அழைப்புத்தான் நினைவுக்கு வரும், பாங்கன் வரமாட்டான். இன்னொன்று: ‘டி’ தட்டியபின், எதை அழிப்பது என்று சொல்லும் ‘டபிள்யூ’ (சொல்) போன்றதொரு விசை வரும்வரை விம் காத்திருக்கிறதே, அதை ‘எச்ச நிலை’ எனலாமா?

அம்மா,
எச்சம் வினையையோ பெயரையோ கொண்டு முடியும். இங்கே முழுவினையே முன்னால் வந்து செயப்படுபொருளுக்காகக் காத்திருக்கிறது, எச்சம் பொருந்தாது. தமிழ்த் தொடரின் வரிசை ‘விஷுவல் மோட்’டில்தான் இருக்கிறது: முதலில் சொல்லைத் தேர்ந்து, கடைசியில் வெட்டுகிறோம். அதற்காக அதையே முதலில் கற்பித்துவிடாதீர்கள். ‘டி’, ‘டபிள்யூ’ என்று அழித்தபின், கடைசிச் செயலைத் திரும்பச் செய்யும் புள்ளி விசையைத் தட்டினால், அடுத்த சொல் எவ்வளவு நீளமானாலும் போகும். தேர்ந்தெடுத்து அழித்திருந்தால், முன்பு போன அதே அளவு எழுத்துகள்தாம் போகும். ஏட்டில் அவசியம் சேர்க்க வேண்டியது வேறு: இயங்குதளத்தின் தமிழ்99 விசைப்பலகை செயலில் இருக்கையில், எஸ்கேப் தட்டி வெளியே வந்தாலும் ஏவல்கள் நடக்கமாட்டா. விசைகளுக்குத் தமிழ் எழுத்துகளை ஒதுக்கும் விம்மின் ‘கீமேப்’ அமைப்பைப் பயன்படுத்தினால் எழுதும்போது தமிழும், ஏவும்போது ஆங்கில விசைகளும் தாமே வரும்.

> நன்றி. பெரும்பான்மையை ஏற்று நிலை, ஏவல் நிலை, (எழுதுவதற்கான ‘இன்செர்ட் மோட்’டுக்கு) செருகு நிலை என்றே அச்சிடுகிறோம். கீமேப் குறிப்பு முதற்பாடத்திலேயே வரும்.

ஐயா,
மூன்றாம் பாடம் நான் மொழிபெயர்த்தது. அதில் ‘பாங்கு’ அப்படியே இருக்கட்டும். வேண்டுமானால் அடிக்குறிப்பில் ‘நிலை’ என்று போட்டுக்கொள்ளுங்கள்.