கேலி செய்தவனைக் குழுவிலிருந்து நீக்கியது தப்பா?

வைகைக்கரை:
பத்தாம் வகுப்பில் ஒன்றாகப் படித்தவர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு நான் அட்மின். மொத்தம் 61 பேர். போன வாரம் ஒருத்தன், ஜூஸ் கடையை மூடிவிட்டதாகவும் கையில் இருந்ததெல்லாம் போய்விட்டதாகவும் எழுதினான். உடனே இன்னொருத்தன், "மச்சான், கணக்குல 35 வாங்கினப்பவே நீ கடை வைக்கக் கூடாதுன்னு தெரியும்" என்று போட்டான். சிரிப்பு ஸ்மைலிகள் வரிசையாக விழுந்தன. கடைக்காரன் அப்புறம் வாயே திறக்கவில்லை. இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை என்று அவன் வீட்டுக்காரம்மா என் மனைவியிடம் சொல்லித்தான் எனக்கே தெரியும். கோபத்தில் கேலி செய்தவனை நீக்கிவிட்டேன். இப்போது பாதிப் பேர் எனக்கு முகம் கொடுப்பதில்லை.

கடைசி பெஞ்ச்:
தப்புதான். நாங்களும் முப்பது வருடமாக "டேய் முட்டை" என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறோம். அந்த உரிமையில் வாய் தவறியிருக்கும். தனியாகக் கூப்பிட்டு, "அவன் மனசு சரியில்லடா, ஒரு வார்த்தை பேசு" என்றிருந்தால் பத்து நிமிட வேலை. இப்போது நீக்கப்பட்டவர் பட்டியலில் 60 நாள் அவன் பெயர் நிற்கும். குழுவில் யார் வேண்டுமானாலும் பார்க்கலாம்.

கணக்குப்பிள்ளை:
நிற்கட்டுமே! அடி விழுந்தது நடுக்கூடத்தில், மன்னிப்பு மட்டும் கொல்லைப்புறத்திலா? 61 பேர் பார்த்த கேலிக்கு 61 பேர் முன்னால்தான் பதில் வேண்டும். தனியாகப் பேசி முடித்தால், அடி வாங்கியவனைத் தவிர எல்லோருக்கும் நிம்மதி. கூட்டுக் குடும்பத்தில் பார்த்துப் புளித்துப்போன பஞ்சாயத்து இது.

சும்மா வந்தவன்:
குழுவில் யாரோ போடுவதற்கு அட்மின் குற்றவாளி ஆக மாட்டார் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் சொல்லியாயிற்று. ஆளைச் சேர்க்கலாம், நீக்கலாம், அவ்வளவுதான் அவர் அதிகாரம் என்றும் அப்போது சொன்னது. நீங்கள் ஏன் சார் இதையெல்லாம் தலையில் போட்டுக்கொள்கிறீர்கள்?

கணக்குப்பிள்ளை:
இங்கே யார் போலீசுக்குப் போனது? வழக்கு வராது என்பதற்காக, கூடப் படித்தவன் பட்டினி கிடப்பதைப் பார்த்துக்கொண்டு இருக்க முடியுமா?

அல்லி:
ஆளை நீக்குவதற்குப் பதில் அந்த ஒரு வரியை நீக்கியிருக்கலாம். அட்மின் யார் போட்டதையும் அழிக்கலாமே.

கடைசி பெஞ்ச்:
அழித்த இடத்தில் 'அட்மின் இன்னார் அழித்தார்' என்று வந்து நிற்கும், அக்கா. அதுவரை பார்க்காதவனும் "என்னடா அது?" என்று தோண்டுவான். யாராவது ஸ்கிரீன்ஷாட் வைத்திருப்பான். எங்கள் தெருக் குழுவில் இப்படித்தான் குப்பைத் தொட்டிச் சண்டை மூன்று மாதம் ஓடியது.

அல்லி:
சரி, அதையும் விடுங்கள். வைகைக்கரை சார், ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். அந்தச் சிரிப்பு ஸ்மைலியைத் தொட்டால் யார் யார் சிரித்தார்கள் என்று பெயர் வரும். அதில் உங்கள் பெயரும் இருக்கிறதா?

வைகைக்கரை:
இருக்கிறது. பஸ்ஸில் போய்க்கொண்டிருந்தேன். அவன் முன்னால் எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. 35 என்ற எண்ணைப் பார்த்ததும் எங்கள் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது, சிரித்துவிட்டேன். மொத்தம் 14 பேர். நீக்கிய பிறகும் அதை எடுக்கத் தோன்றவில்லை.

கடைசி பெஞ்ச்:
நினைத்தேன். சிரித்தவர்கள் 14, தண்டனை ஒருவனுக்கு. பாதிப் பேர் ஏன் பேசவில்லை என்று இப்போது புரிகிறதா? அடுத்து நம்மையும் தூக்குவாரோ என்று பயந்திருப்பார்கள்.

கணக்குப்பிள்ளை:
எழுதுவதும் சிரிப்பதும் ஒன்றில்லை. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். ஆனால் சிரித்த அட்மின் நீக்கினது... ம், கொஞ்சம் இடிக்கத்தான் செய்கிறது.

வைகைக்கரை:
நேற்று ராத்திரி கடைக்காரன் வீட்டுக்கே போனேன். "அவனை ஏன்டா தூக்கின? அவன் எட்டாவதிலிருந்தே அப்படித்தான் பேசுவான், எனக்குப் பழகிடுச்சு" என்றான். பிறகு போனை எடுத்து அந்த ஸ்மைலியைத் தொட்டுக் காட்டினான். "கடைக்குப் பூஜை போட்ட அன்னைக்கு வந்து சாப்பிட்டுப் போனவங்கதான் இந்தப் பதினாலு பேரும். ஒருத்தனாவது 'விடுடா'ன்னு சொல்லுவான்னு பார்த்தேன்." எனக்குப் பேச்சு வரவில்லை. அவன் அம்மா காபி கொண்டுவந்தார், குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

அல்லி:
குழுவில் ஏதாவது எழுதினீர்களா?

வைகைக்கரை:
இன்று காலையில் எழுதினேன். 'படிக்காமல் சிரித்தேன், தப்பு என்னுடையது' என்று இரண்டு வரி. நாலு பேர் தங்கள் ஸ்மைலியை எடுத்துவிட்டார்கள்.

கணக்குப்பிள்ளை:
நல்லது. கேலி செய்தவனும் அங்கேயே வந்து எழுதட்டும்.

வைகைக்கரை:
அவனிடமும் பேசினேன். "நீ சேர்த்தா வரமாட்டேன், அவன் சேர்த்தா வர்றேன்" என்கிறான். அதனால் கடைக்காரனையும் அட்மின் ஆக்கியிருக்கிறேன். இதுவரை யாரையும் சேர்க்கவில்லை.