புதுப்பிப்பு: அம்மாவோடு குரோமர் போய் வந்தோம்

அம்மாவைக் கூட்டிக்கொண்டு பிரைட்டன் போவதா, இங்கிலாந்தின் நார்ஃபோக் கடற்கரையில் இருக்கும் குரோமர் போவதா என்று போன மாதம் கேட்டிருந்தேன். குரோமர்தான் என்று அடித்துச் சொன்னீர்கள். போய் வந்தாச்சு, ரொம்ப நன்றி.

நாரிச் நகரத்திலிருந்து ரயிலில் முக்கால் மணி நேரம்தான். கடலுக்குள் நீளும் பியர் (நடைமேடைப் பாலம்) 1901-ல் திறந்தது. அதன் நுனிப் பக்கம் ஒரு நாடக அரங்கு, அதையும் தாண்டி உயிர்காப்புப் படகு நிலையம். ஆனால் அம்மாவைக் கட்டிப்போட்டது ஒரு சிறுமி. நூலில் பேக்கன் (உப்பிட்ட பன்றி இறைச்சி) துண்டைக் கட்டி இறக்கி, பொறுமையாக நண்டு பிடித்துக்கொண்டிருந்தாள். வாளியில் ஐந்து சேர்ந்தன. கிளம்பும்போது ஐந்தையும் கடலிலேயே விட்டுவிட்டாள். அம்மா அரை மணி நேரம் பியரின் கைப்பிடிக் கம்பியை விட்டு நகரவில்லை.

ஹென்றி பிளாக் அருங்காட்சியகத்தை விட்டுவிடாதீர்கள். 53 வருடம் உயிர்காப்புப் படகில் போனவர். அவரும் அவர் குழுவும் காப்பாற்றியது 873 உயிர்கள். அவர் ஓட்டிய படகு அங்கேயே நிற்கிறது. பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்தது.

குளிக்கலாமா என்று கேட்டவருக்கு: ஜூலையிலும் தண்ணீர் சில்லென்றுதான் இருக்கிறது. கரையோரம் கூழாங்கல், கடல் உள்வாங்கிய பிறகுதான் நல்ல மணல். அப்புறம், ஓட்டிலேயே வைத்துத் தரும் நண்டுக்கறியை மதியத்துக்குள் வாங்கிவிடுங்கள்.